முதலில் கார்புரேட்டரில் கை வைக்கிற மெக்கானிக்கை நம்பாதீர்கள்

அப்பாவின் 86 மாடல் பிரீமியர் பத்மினி அல்சூரில் எங்கள் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. போன தீபாவளிக்கு முன்னால் அதற்கு ஒரு வியாதி வந்தது. காலையில் சோக்கை (குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் கலவையைக் கெட்டியாக்குகிற குமிழ்) இழுத்தால் ஸ்டார்ட் ஆகும், சோக்கை உள்ளே தள்ளினால் இருமி இருமி நின்றுவிடும். சிக்னலில் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும், பெங்களூர் சிக்னலில் அது எவ்வளவு நேரம் என்று உங்களுக்கே தெரியும்.

முதலில் பார்த்த ஆள் பானெட்டைத் திறந்த கையோடு, "கார்புரேட்டர் சார், ரீபில்ட் பண்ணிடலாம்" என்றார். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற பாகம் அது. நானும் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். நாலு நாள் கழித்து வெள்ளி டம்ளர் மாதிரி பளபளவென்று திருப்பித் தந்து நாலாயிரத்து ஐந்நூறு வாங்கிக்கொண்டார். மாட்டினால் அதே இருமல், கூடவே பெட்ரோல் நாற்றம். அப்புறம்தான் தெரிந்தது, பெட்ரோலை அளந்து விடுகிற சின்னத் துளையுள்ள ஜெட்டில் கம்பியை விட்டுக் குடைந்திருக்கிறார். நம் வண்டியில் இருக்கிற சோலெக்ஸ் கம்பெனி கார்புரேட்டரின் ஜெட் மேல் 115 என்று இருந்தால் துளை 1.15 மில்லிமீட்டர். கம்பி விட்டபின் எண் அப்படியேதான் இருக்கும், துளை மட்டும் பெரிசாகிவிடும். பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. பாலிஷைப் பார்த்து மயங்கியது என் தப்பு.

வண்டி பார்ட்ஸ் கடைகள் இருக்கிற ஜேசி ரோட்டில் கேஸ்கட் கிட் வாங்கப் போனபோது கடைக்காரர் மெக்கானிக் பெரியவர் ஒருவரைச் சொன்னார். நான் கார்புரேட்டரைப் பையில் போட்டுக்கொண்டு போய் நின்றேன். அவர் பையைத் திறக்கவே இல்லை. "இதை மட்டும் வெச்சு நான் என்ன பாக்கறது தம்பி? மாட்டி வண்டியைக் கொண்டு வா."

கொண்டு போனேன். பிளக்கைக் கழற்றிப் பார்த்தார், பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிப்யூட்டரின் மூடியை எடுத்தார், உள்ளே கரண்டை விட்டு விட்டுத் தருகிற பாயிண்ட் கருகிக் கிடந்தது. பாயிண்ட், கண்டென்சர் மாற்றி, பிளக்கில் பொறி வருகிற நேரத்தை (டைமிங்) சரியாக வைத்ததும் பாதி இருமல் நின்றுவிட்டது. கார்புரேட்டர் கோளாறு என்று வருகிற வண்டிகளில் முக்கால்வாசி கரண்ட் கோளாறுதான் என்றார். அதற்கப்புறம்தான், எஞ்சின் ஓடும்போதே ஆக்சிலேட்டரை மிதித்தால் திரும்புகிற த்ராட்டில் ஷாஃப்ட்டின் முனையில் கிளீனர் ஸ்ப்ரேயைக் கொஞ்சம் பீய்ச்சினார். ஸ்லோ ஸ்பீடு சட்டென்று மாறியது. "கேட்டியா, ஏர் இழுக்குது." நாற்பது வருஷம் சுற்றிச் சுற்றி ஷாஃப்ட்டும் அது உட்காருகிற துளையும் தேய்ந்திருக்கின்றன. எந்தக் கிட் வாங்கிப் போட்டாலும் இது தீராது, லேத்தில் கொடுத்து, தேய்ந்த துளைக்குள் புஷ் என்கிற உலோக வளையத்தை அடிக்க வேண்டும். ரீபில்ட் என்றால் வாஷ் பண்ணி கேஸ்கட் மாற்றுவது என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

இன்னொன்றும் காட்டினார். கார்புரேட்டரின் அடிப்பக்கத்தை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்து டார்ச் அடித்தார், நடுவில் வெளிச்சம் கசிந்தது. முன்னால் மாட்டிய யாரோ போல்ட்டைப் போட்டு முறுக்கியதில் ஜிங்க் பாடி வளைந்திருக்கிறது. அதே கண்ணாடியில் எமரி பேப்பரை விரித்து, எட்டு போட்டுப் போட்டு, அரை மணி நேரம் தேய்த்தார். நான் இரண்டு டீ குடித்துவிட்டேன்.

எத்தனால் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலை 2023 பிப்ரவரியில் நம்ம பெங்களூரில் வைத்துத்தான் தொடங்கினார்கள். நம் வண்டிகளின் பழைய ரப்பருக்கு அது ஒத்துக்கொள்வதில்லை, பம்ப் டயாஃப்ரம், ஹோஸ் எல்லாம் ஊறி உப்பிவிடும். ஓட்டாமல் மாதக்கணக்கில் நிறுத்தினால் ஈரத்தை வேறு இழுத்துக்கொண்டு உள்ளே வெள்ளையாகப் பூக்கும். எனவே வேலை கொடுக்கும்போது கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரவை அடைக்கிற நீடில் வால்வின் நுனி வைட்டானா (எத்தனாலைத் தாங்குகிற ரப்பர்) என்று கேளுங்கள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்று பதில் வந்தால் வண்டியைத் திருப்பிவிடலாம்.

கழற்றிக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ஜெட் எண்களைக் குறித்து, எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துவிட்டுக் கொடுங்கள். ஒரிஜினல் சோலெக்ஸ் போய் வேறெதுவோ திரும்பி வந்த கதையை இரண்டு நண்பர்கள் சொல்லிவிட்டார்கள். கழற்றிய பழைய பார்ட்ஸையும் கேட்டு வாங்குங்கள். பெரியவர் நான் கேட்காமலே பழைய ஷாஃப்ட்டைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார், நகத்தை வைத்து இழுத்தால் பள்ளம் தட்டுகிறது.

இப்போது சோக்கை உள்ளே தள்ளினாலும் வண்டி நிற்பதில்லை. அவர் நம்பரை இங்கே போட மாட்டேன், வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பி ரேட் கேட்கிறவர்களை மட்டும் அனுப்பாதே என்று சொல்லியிருக்கிறார். வண்டியோடு வர முடிகிறவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே கூட்டிப் போகிறேன்.