கால்வனைஸ் செய்த கராஜ் கதவும் துருப்பிடிக்கும்

“கால்வனைஸ் செய்த இரும்புக் கதவு கடலோரத்திலும் துருப்பிடிக்காது, பராமரிப்புக்குப் பணம் ஒதுக்க வேண்டாம்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி பரவுகிறது. இது தவறு. கால்வனைஸ் என்பது இரும்பின் மேல் இடும் துத்தநாகப் பூச்சு; அது தான் அரிக்கப்பட்டுத்தான் இரும்பைக் காக்கிறது. உப்புக் காற்றில் அது விரைவாகவே தீர்ந்துவிடும். காற்றின் அரிப்புத் தன்மையை வகைப்படுத்தும் ஐஎஸ்ஓ 9223 தரநிலையில் இதைச் சரிபார்க்கலாம்.

கதவுப் பலகை பழுதாவதற்கு முன்பே ஸ்பிரிங், கீல், உருளை, திருகாணி ஆகியவை பழுதாகும். வெட்டிய விளிம்புகளையும் திருகுத் துளைகளையும் உற்றுப் பாருங்கள். செம்பழுப்புக் கறை பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். என் பரிந்துரை அலுமினியம் அல்லது ஃபைபர்கிளாஸ் பலகை. திருகாணிகள் 316 வகைத் துருப்பிடிக்கா எஃகாக இருக்கட்டும். 304 வகையில் உப்பு புள்ளி புள்ளியாக அரிக்கும். அலுமினியத்தில் எஃகு நேரடியாகப் படாமல் நைலான் வாஷர் வேண்டும். இவை அனைத்தையும் சேர்த்தே விலை கேளுங்கள், ஸ்பிரிங் மாற்றும் செலவையும் ஒதுக்குங்கள்.

அந்தச் செய்தியைத் தயவுசெய்து மேற்கொண்டு பகிராதீர்கள். அனுப்பியவருக்கு இந்த விளக்கத்தை அனுப்புங்கள்.