மிளகாய் காயும் வரை தவணை காத்திருப்பதில்லை

எங்கள் அயல்கூட்டத்தின், அதாவது மகளிர் சுயஉதவிக் குழுவின், கணக்குப் புத்தகத்தை ஒன்பது ஆண்டுகளாக நான்தான் எழுதி வருகிறேன். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லைக்குச் சற்று இந்தப் பக்கம் இருக்கும் ஊர் எங்களுடையது. வீட்டில் தமிழும் பஞ்சாயத்து ஆபீசில் மலையாளமுமாகப் பழகிப்போன ஊர். அந்தப் புத்தகத்தின்படி நாங்கள் குறை சொல்ல முடியாத குழு. வாரச் சேமிப்பு விடுபட்டதில்லை, வங்கிக் கடனின் தவணை ஒருமுறைகூடத் தவறியதில்லை. ஆனால் குழுவில் ஐந்து பேர் சேர்ந்து தொடங்கிய மோர்மிளகாய் யூனிட் இரண்டாம் ஆண்டிலேயே ஏன் நின்றுபோனது என்று கேட்டால், அதே புத்தகத்தில் ஒரு வரிகூடப் பதில் இல்லை. யூனிட் மூழ்கிக்கொண்டிருந்த மாதங்களிலும் தவணைப் பத்தி நிறைந்தே இருக்கிறது.

1998 மே 17 அன்று மலப்புறத்தில் அன்றைய பிரதமர் வாஜ்பாய் தொடங்கிவைத்த, கேரள அரசின் வறுமை ஒழிப்புத் திட்டமான குடும்பஸ்ரீ, பத்து முதல் இருபது பெண்கள் கொண்ட எங்களுடையதைப் போன்ற அயல்கூட்டம், வார்டு அளவில் அவற்றின் கூட்டமைப்பான ஏடிஎஸ், பஞ்சாயத்து அளவில் சிடிஎஸ் என்று மூன்று அடுக்காக வளர்ந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் குழுக்கள் தொடங்கின. 1992-இல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துச் சோதித்துப் பார்த்தது. இந்த வரலாறு முழுவதிலும் குழுவை அளக்க நாம் வைத்துக்கொண்ட கோல் ஒன்றுதான்: வாங்கிய பணம் ஒழுங்காகத் திரும்பி வருகிறதா. ஏழைப் பெண்ணுக்குக் கடன் கொடுத்தால் திரும்பாது என்று நினைத்துக்கொண்டிருந்த வங்கிகளின் வாயை அடைக்க அந்த அளவுகோல் அன்று தேவைப்பட்டது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதையே தொழிலுக்கும் அளவுகோலாக வைத்திருப்பதுதான் இன்றைய கோளாறு என்பது என் கருத்து.

மோர்மிளகாயின் கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். வேலந்தாவளம் சந்தையில் பச்சை மிளகாய் மலிவாகக் கிடைக்கும் நாளாகப் பார்த்து வாங்கி, காம்பைக் கிள்ளாமல் கழுவி, ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஊசியால் இரண்டு குத்துக் குத்தி, உப்பிட்ட கெட்டி மோரில் ஊறப்போட வேண்டும். பகலில் பாயில் உலர்த்தி, பொழுது சாய்ந்ததும் அள்ளி மீண்டும் அதே மோரில் போட்டு, மோர் முழுவதும் மிளகாய்க்குள் இறங்கும் வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அதன்பிறகும் உடைத்தால் நொறுங்கும் பதம் வர நல்ல வெயில் வேண்டும். பத்துக் கிலோ பச்சை மிளகாயில் இரண்டு கிலோ தேறினால் பெரிது. மாசி, பங்குனி, சித்திரைதான் இதற்கான வெயில். விற்பனையோ ஆடி பிறந்து, மலையாளத்தார் கர்க்கடகம் என்று சொல்லும் மழைக்காலத்தில், வீட்டுக்கு வீடு கஞ்சி வைக்கும்போதுதான் சூடு பிடிக்கும். ஆகவே கையில் இருக்கும் முதல் முழுவதும் நான்கைந்து மாதங்கள் மிளகாயாகவே மூட்டையில் கிடக்கும்.

கடன் மாசியில் கிடைத்தது. முதல் தவணை பங்குனியில் வந்துவிட்டது. நாங்கள் தவறவில்லை. ஒருவர் பால் பணத்திலிருந்து கொடுத்தார், ஒருவர் தொழிலுறுதி எனப்படும் நூறு நாள் வேலையின் கூலி வரும் என்று நம்பிக் கைமாற்று வாங்கினார், இன்னொருவர் வாரம் தவறாமல் காலை ஏழரை மணிக்கு வாசலில் வந்து நிற்கும் தனியார் குழு லோன்காரரிடம் புதிதாக ஒன்று வாங்கி இந்தத் தவணையைக் கட்டினார். வைகாசிக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியவில்லை. பொள்ளாச்சியிலிருந்து வந்த ஒரு வியாபாரிக்குக் கிலோ 260 ரூபாய் என்று மொத்தச் சரக்கையும் மூட்டையோடு எடை போட்டுக் கொடுத்தோம். மிளகாய், தயிர், உப்பு வாங்கிய காசு மட்டும் வந்தது. ஐந்து பேரின் வெயில் கணக்கில் வரவில்லை. ஆடி மாதம் ஒரு கடையில் 100 கிராம் 55 ரூபாய் என்று தொங்கிய பாக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். காம்பு இருந்தது, வயிற்றில் இரண்டு குத்தும் இருந்தது.

ஆகவே, "குடும்பஸ்ரீ லோன் வாங்கினால் எல்லாரும் மாடுதான் வாங்குகிறார்கள், புதிதாக எதையும் யோசிக்க மாட்டேன் என்கிறார்கள்" என்று பயிற்சி கொடுக்க வருகிறவர்கள் சலித்துக்கொள்ளும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. மாடு காலையில் கறக்கிறது, மாலையிலும் கறக்கிறது. பால் சங்கத்தில் குறித்த நாளில் தவறாமல் பணம் பட்டுவாடா ஆகிறது. எங்கள் சித்தூர் தாலுகாவில் தவணைக்கு ஈடுகொடுக்கக்கூடிய சரக்கு பால்தான் என்பதைப் பெண்கள் கணக்குப் போட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். பொள்ளாச்சிப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் நாத்தனாரின் குழுவிலும் இதே கதைதான். "மாட்டுக்குத் தவணை தெரியும் அண்ணி, ஊறுகாய்க்குத் தெரியாது" என்றாள் அவள்.

இனி, நிலைத்து நிற்கும் யூனிட்கள் எப்படி நிற்கின்றன என்று பார்க்க வேண்டும். கேரளத்து அங்கன்வாடிகள் வழியாக ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கும் அமிர்தம் நியூட்ரிமிக்ஸ் மாவைக் குடும்பஸ்ரீ யூனிட்கள்தான் தயாரிக்கின்றன. கோதுமை, கடலைப்பருப்பு, நிலக்கடலை, சோயா, சர்க்கரை என்று எல்லாம் நம் வீட்டு அடுப்படிக்குத் தெரிந்த பொருள்கள்தான்; அவர்களுடைய கைப்பக்குவம் எங்களுடையதைவிட உயர்ந்தது என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர்களுக்கு வறுக்கும் முன்பே வாங்குபவர் யார் என்பது தெரியும், எங்களுக்குத் தெரியாது. வித்தியாசம் அவ்வளவே. எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் ஓணச் சந்தையில் பத்து நாள் ஸ்டால்தான். மேளாவில் விற்கும் பத்து நாள் விற்பனையைப் படம் பிடித்துப் போடலாம், அதைக்கொண்டு ஆண்டு முழுவதும் உலை வைக்க முடியாது.

அரசு வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. கேரளத்தின் மலிவு விலை உணவகங்களான ஜனகீய ஹோட்டல்களில் 20 ரூபாய்க்குச் சாப்பாடு போட்ட குடும்பஸ்ரீ பெண்களுக்குச் சாப்பாடு ஒன்றுக்கு 10 ரூபாய் மானியம் இருந்தது. 2023-இல் அது நிறுத்தப்பட்டதும் விலையை 30 ரூபாய் ஆக்க வேண்டியதாயிற்று. மானியத்தை நம்பி நிற்கும் தொழில், மானியம் போகும் நாளில் அடுப்பை அணைக்கத்தான் நேரும். தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் மகளிர் குழுப் பெண்கள் பள்ளிகளில் சமைக்கிறார்கள். நல்ல திட்டம், ஆனால் அது வேலைவாய்ப்பு. தொழில் என்று அதை அழைப்பது சரியில்லை. விலையிலும் சரக்கிலும் அவர்களுக்குச் சொல் கிடையாது.

எல்லையில் இருப்பவர்களுக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. எங்கள் ருசியைத் தேடி வாங்கக்கூடிய வாடிக்கையாளர் பொள்ளாச்சியிலும் கோவையிலும் இருக்கிறார். எங்களுக்கு ஒதுக்கப்படும் ஸ்டாலோ பாலக்காட்டில் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் குழுக்களின் பொருள்களை விற்கும் பூமாலை வளாகமும் மதி அங்காடியும் அந்த மாநிலக் குழுக்களுக்கானவை. பயிற்சி வகுப்பு முழுவதும் மலையாளத்தில் நடக்கிறது. எங்கள் ஐவரில் இரண்டு பேருக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. லேபிளில் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணை எங்கே போட வேண்டும், தயாரித்த தேதியை எப்படி எழுத வேண்டும் என்று நடத்திய அரைநாள் வகுப்பில் அவர்கள் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதல் ஆயிரம் ஸ்டிக்கரில் தேதி போட இடமே விடாமல் அடித்து வாங்கி வந்தது அதன் விளைவுதான். (மீதி ஸ்டிக்கர் இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது.)

பழி முழுவதையும் வெளியே போடுவதும் நியாயமில்லை. ஐந்து பேருக்கும் சமபங்கு என்று நாங்கள் எழுதிக்கொண்டது எங்கள் தவறு. நண்பகல் வெயிலில் மிளகாயைப் புரட்டியவருக்கும் மாதம் ஒருமுறை எட்டிப் பார்த்தவருக்கும் ஒரே பங்கு என்றால், புரட்டுகிறவர் எத்தனை நாள் புரட்டுவார்? 1959-இல் மும்பையின் கிர்காவ் பகுதியில் ஏழு பெண்கள் 80 ரூபாய்க் கடனில் தொடங்கிய லிஜ்ஜத் அப்பளத்தில், மாவை வாங்கிப் போய் எவ்வளவு தேய்த்துக் கொடுக்கிறார்களோ அவ்வளவுக்குக் கூலி. உரிமை எல்லாருக்கும் பொது, கூலி அவரவர் உழைப்புக்கு. இதை முதல் நாளே எழுதி வைத்திருந்தால் எங்களுக்குள் பாதி மனக்கசப்பு வந்திருக்காது.

தவணையைத் தள்ளுபடி செய்யச் சொல்லி நான் கேட்கவில்லை, ஒரு ரூபாய்கூட வேண்டாம். பயிருக்குக் கடன் கொடுக்கும்போது அறுவடையைப் பார்த்துத் தானே கெடு வைக்கிறார்கள். வற்றலுக்கும் ஊறுகாய்க்கும் அப்படியே வைக்கட்டும். மாசியில் கொடுத்த பணத்துக்கு ஆவணியிலிருந்து தவணை தொடங்கட்டும். சரக்கு மூட்டையில் கிடக்கும் மாதங்களில், அதை ஈடாக வைத்துக்கொண்டு வீட்டுச் செலவுக்குக் கொஞ்சம் பணத்தை சிடிஎஸ் சுழற்சி நிதியிலிருந்து தரட்டும். மாணவர் விடுதிகளும் கேன்டீன்களும் தங்களுக்கு ஆண்டுக்கு இத்தனை கிலோ வற்றல் வேண்டும் என்று தை மாதமே எழுதிக் கொடுத்தால் போதும், அந்தத் தாளை வைத்து நாங்கள் மிளகாய் வாங்கிக்கொள்வோம்.

போன ஞாயிற்றுக்கிழமை அயல்கூட்டத்தில் இதைச் சொன்னேன். ஏடிஎஸ் கூட்டத்துக்குப் போகும் எங்கள் செயலாளர் அக்கா, "பேசினால் மறந்துவிடுவார்கள், எழுதிக் கொடு கண்ணு, தமிழிலேயே எழுதிக் கொடு, நம் தாலுகாவில் தமிழ் மனுவையும் வாங்கித்தான் ஆக வேண்டும்" என்றார். எழுதியிருக்கிறேன், இரண்டு பக்கம். கூடவே மாசி முதல் ஆடி வரை மாதவாரியாகக் கையிருப்பு எவ்வளவு, மூட்டையில் எவ்வளவு, கட்டிய தவணை எவ்வளவு, அந்தத் தவணை யார் வீட்டு எந்தப் பணத்திலிருந்து வந்தது என்று ஒரு கட்டம் போட்டு இணைத்திருக்கிறேன். கணக்குப் புத்தகத்தில் அந்தக் கடைசிப் பத்திக்கு இதுவரை இடம் இருந்ததில்லை. இந்த மாதத்திலிருந்து ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுச் சேர்த்துவிட்டேன்.