வண்டி நின்றால் இன்ஜினும் நிற்கட்டும்

வண்டியை ஓரம்கட்டிவிட்டு இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருப்பதையும், இன்ஜின் ஓட ஓட இறங்கிப் போவதையும் பல நாடுகள் சட்டம் போட்டுத் தடுத்திருக்கின்றன. இதைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே "இதுக்கெல்லாமா அபராதம்?" என்று ஒரு சலிப்பு வரும். அந்தச் சலிப்பு எனக்குப் புரிகிறது, ஆனால் ஏற்க முடியவில்லை. இந்தச் சட்டங்கள் தேவையானவை. அவற்றை எழுதியிருக்கும் விதத்திலும், கடைசியில் யார் தலையில் கட்டுகிறார்கள் என்பதிலும்தான் எனக்குச் சண்டை.

முதலில் ஆளில்லாமல் ஓடும் வண்டி. இந்தியாவின் மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 126 இதைத் தெளிவாகவே சொல்கிறது. பொது இடத்தில் வண்டி நிற்கிறது என்றால், உரிமம் உள்ள ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இயக்கத்தை நிறுத்தி, பிரேக் போட்டு, ஓட்டுநர் இல்லாத நேரத்தில் வண்டி தானாக நகர்ந்துவிடாதபடி செய்திருக்க வேண்டும். சட்டத்தின் கவலை வண்டி நகர்ந்துவிடும் என்பதுதான். திருட்டு, எரிபொருள், புகை எதுவும் அதில் இல்லை.

அந்தக் கவலை வீண் கவலை என்று நினைப்பவர்கள் ஆன்டன் யெல்ச்சினை நினைத்துப் பார்க்கட்டும். ஹாலிவுட் நடிகர், வயது 27. 2016 ஜூனில் தன் வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கினார். சரிவில் அது தானாகப் பின்னால் உருண்டு வந்து, வாசல் தூணோடு அவரை நசுக்கிவிட்டது. போலீசார் பார்த்தபோது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, கியர் நியூட்ரலில் இருந்தது. அந்த வகை கார்களின் கியர் லீவர், எந்த நிலையில் இருக்கிறது என்று ஓட்டுபவருக்குக் குழப்பம் தருகிறது என்ற புகாரால், அதற்கு இரண்டு மாதங்கள் முன்புதான் உலகம் முழுவதும் சுமார் 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைப்பதாக நிறுவனம் அறிவித்திருந்தது. வடிவமைப்பில் கோளாறு இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் இன்ஜினை அணைத்துவிட்டுத்தான் இறங்குவது என்று கை பழகியிருந்தால், இப்படிப்பட்ட கோளாறுகள் உயிர் வரைக்கும் போவது வெகுவாகக் குறையும். பொத்தானை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் கார்களில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சாவி பாக்கெட்டிலேயே இருப்பதால், இன்ஜின் அணைந்துவிட்டது என்று நினைத்து மூடிய கேரேஜில் விட்டுவிட்டு உள்ளே போய்த் தூங்கியவர்கள் கார்பன் மோனாக்சைடில் இறந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இந்தச் சாவுகளுக்குப் பிறகுதான், தானாக அணையும் வசதியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் உள்கட்டமைப்புச் சட்டத்தில் சேர்த்தார்கள்.

அடுத்தது திருட்டு. அமெரிக்காவின் பல மாநிலங்களில் ஆளில்லாத வண்டியின் இன்ஜினை நிறுத்த வேண்டும், சாவியை எடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இதற்கு எதிராக எப்போதும் வரும் வாதம்: "கார் பறிபோனவன் ஏற்கெனவே நொந்து போயிருக்கிறான், அவனிடமே அபராதமா?" மனிதாபிமானமான கேள்விதான். ஆனால் திருடப்படும் கார் உரிமையாளரை மட்டும் பாதிப்பதில்லை. 1943இல் வாஷிங்டனில் ஒரு வழக்கு. சாவியை வண்டியிலேயே விட்டு, பொதுச் சந்தில் லாரியை நிறுத்திவிட்டு ஓட்டுநர் போய்விட்டார். யாரோ ஒருவர் அதை எடுத்துப்போய் சற்று நேரத்தில் இன்னொருவர் மேல் ஏற்றிவிட்டார். இப்படி விட்டுப் போகாதே என்ற விதி இருப்பதே பொதுமக்களைக் காக்கத்தான், அதனால் லாரி உரிமையாளரும் பொறுப்பு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. எனக்கு அந்தத் தீர்ப்பு முழுக்கச் சரியாகப் படுகிறது. திருடுபவர் அவசரத்தில் இருக்கிறார், பதற்றத்தில் இருக்கிறார், பின்னால் துரத்துவார்கள் என்று தெரிந்து ஓட்டுகிறார். அவர் முன்னால் சாலையைக் கடப்பவருக்கு இதில் என்ன பங்கு?

பின் இருக்கையில் குழந்தை இருக்கும்போது "ஒரு நிமிஷம்தானே" என்று இன்ஜினை ஓடவிட்டு இறங்குபவர்களைப் பற்றி எனக்கு இளக்காரம் இல்லை. ஏசி நின்றால் குழந்தைக்கு வேர்க்கும் என்ற அன்பில்தான் செய்கிறார்கள். வெயிலில் மூடிய காருக்குள் பத்து நிமிடத்திலேயே வெப்பம் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும் என்பதும் உண்மை. ஆனால் அதற்கு இன்ஜினை ஓடவிடுவது தீர்வாகாது. காரைத் திருடும்போது பின்னால் குழந்தை இருப்பதே தெரியாமல் ஓட்டிப் போன சம்பவங்கள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்குங்கள். தொல்லைதான், ஆனால் வேறு வழி கிடையாது. இந்த ஓர் இடத்தில் மட்டும் சட்டம் எந்தச் சலுகையும் தரக் கூடாது என்று நினைக்கிறேன்.

தனியார் இடத்தில் மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 2017 ஜனவரியில் ஒருவர் பனிக்காலத்தில் தன் வீட்டு வாசலில் காரைச் சூடாக்க ஓடவிட்டுப் போனதற்கு 128 டாலர் அபராதம் போட்டார்கள். பெரிய சர்ச்சையாகி, தனியார் இடத்துக்குப் பொருந்தாதபடி அதே ஆண்டு சட்டத்தை மாற்றினார்கள். டெக்சாஸ், கொலராடோ போன்ற மாநிலங்கள் ரிமோட்டில் ஸ்டார்ட் செய்யும் வண்டிகளுக்கு விலக்கு தந்திருக்கின்றன. சாவி இல்லாமல் அதை ஓட்டிப் போக முடியாது என்பதால் அது நியாயம்.

ஆனால் காரைச் சூடாக்கும் பழக்கமே பெரும்பாலும் தேவையற்றது. கார்புரேட்டர் இருந்த காலத்தில் சோக் இழுத்துக் காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போதைய இன்ஜின்களில் எரிபொருளைக் கம்ப்யூட்டர் அளந்து செலுத்துகிறது. குளிரிலும் அரை நிமிடம் போதும், பிறகு மெதுவாக ஓட்டினாலே சீக்கிரம் சூடாகிவிடும். நின்ற இடத்தில் ஓடும் குளிர்ந்த இன்ஜினுக்குள் எரிபொருள் கூடுதலாகப் போகிறது, அது முழுதாக எரியாமல் சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெயைக் கழுவுகிறது. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் 250, 300 டிகிரி சூடு வந்தால்தான் வேலை செய்யத் தொடங்கும். ஆக, இன்ஜினுக்கு நல்லது என்று நினைத்துச் செய்வது இன்ஜினுக்கும் கெடுதல், அக்கம்பக்கத்துக்கும் கெடுதல். கடுமையாக ஓட்டி வந்த டர்போ இன்ஜினைச் சற்று ஓடவிட்டு அணைப்பது வேறு விஷயம், அதற்கு ஒரு நிமிடம் போதும்.

"அடிக்கடி அணைத்துப் போட்டால் பெட்ரோல் கூடச் செலவாகும்" என்பதும் பழைய நம்பிக்கை. அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகம் அளந்து பார்த்துச் சொன்னது, 10 விநாடிக்கு மேல் நிற்பதாக இருந்தால் அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்வதே சிக்கனம். நின்றுகொண்டே ஓடும் கார் இன்ஜின் அளவையும் ஏசியையும் பொறுத்து மணிக்கு 1 முதல் 2 லிட்டர் வரை குடிக்கும். பணம் அவரவர் பணம், போகட்டும். புகை அப்படி இல்லையே. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் முதல் பிரிவில் வகைப்படுத்திவிட்டது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கும் அதே பிரிவு. பள்ளி விடும் நேரத்தில் வாசலில் வரிசையாக உறுமிக்கொண்டு நிற்கும் வண்டிகளைப் பாருங்கள். சைலன்சரின் உயரமும் சிறு பிள்ளையின் மூக்கு உயரமும் வெகு அருகில் இருக்கின்றன. உடல் எடைக்குப் பெரியவர்களைவிட அதிகக் காற்றை இழுப்பதும் அந்தப் பிள்ளைதான். கலிஃபோர்னியா 2003இலேயே பள்ளிக்கு வந்ததும் பஸ் இன்ஜினை அணைத்துவிட வேண்டும் என்று விதி போட்டது.

இனி சட்டங்கள் எழுதப்பட்டிருக்கும் விதம். பல ஊர்கள் நிமிடக் கணக்கு வைத்திருக்கின்றன. ஹாங்காங்கில் 2011 டிசம்பரிலிருந்து, எந்த 60 நிமிடத்திலும் மொத்தம் 3 நிமிடத்துக்கு மேல் ஓடவிட்டால் 320 ஹாங்காங் டாலர். நியூயார்க் நகரில் 3 நிமிடம், பள்ளி அருகில் 1 நிமிடம். காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் ஓர் அதிகாரி கடிகாரத்தோடு பக்கத்தில் நிற்க வேண்டும், அவரைப் பார்த்ததும் இன்ஜின் அணைந்துவிடும், அவர் போனதும் மறுபடி ஓடும். இங்கிலாந்தில் இன்னும் மோசம். முதலில் அணைக்கச் சொல்ல வேண்டும், மறுத்தால்தான் 20 பவுண்டு. இதற்கு யார் பயப்படுவார்கள்? ஜெர்மனியின் வழி எனக்குப் பிடித்திருக்கிறது. தேவையில்லாமல் இன்ஜினை ஓடவிடக் கூடாது என்று ஒரே வரி, நிமிடக் கணக்கு இல்லை. அபராதத்தையும் 2021இல் 10 யூரோவிலிருந்து 80 யூரோவாக ஏற்றினார்கள்.

நியூயார்க் இந்தக் குறையை வேறு விதமாக ஈடுகட்டியது. லாரி, பஸ் போன்ற வணிக வண்டிகள் ஓடிக்கொண்டே நிற்பதைப் பொதுமக்களே வீடியோ எடுத்து அனுப்பலாம், வசூலாகும் அபராதத்தில் 25 சதவீதம் புகார் தந்தவருக்கு. ஆண்டுக்குப் பல்லாயிரம் புகார்கள் குவிகின்றன. வேலை நடக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பக்கத்து மனிதரைப் படம் பிடித்துச் சம்பாதிக்கும் ஏற்பாட்டில் எனக்கு மனம் ஒட்டவில்லை. தெருவில் கைகலப்பு வரைக்கும் போயிருக்கிறது. அதில் எனக்குப் பிடித்த ஒரே அம்சம், அந்த நோட்டீஸ்கள் பெரும்பாலும் வண்டியை வைத்திருக்கும் நிறுவனத்துக்குப் போகின்றன என்பது.

ஏனென்றால் மணிக்கணக்கில் இன்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பவர் யார்? பெரும்பாலும் சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவர். முதலாளி உள்ளே கூட்டத்தில் இருப்பார், எப்போது வருவார் என்று சொல்ல மாட்டார், வந்து ஏறும்போது கார் குளுகுளுவென்று இருக்க வேண்டும். கீழே உட்கார ஒரு நாற்காலி கிடையாது, தண்ணீர் கிடையாது, கழிப்பறைக்குப் போனால் "எங்கே போனாய்?" என்று போன் வரும். சரக்கு லாரி டிரைவருக்கோ கேபின்தான் படுக்கையறை. இரவு முழுக்க அந்தப் பெரிய இன்ஜின் மணிக்கு 3 லிட்டர் அளவுக்கு டீசல் குடித்துக்கொண்டு ஓடுவது, அவர் வேர்க்காமலும் விறைக்காமலும் தூங்குவதற்காக. தனியாகச் சிறிய துணை இன்ஜினோ, நிறுத்துமிடத்தில் மின் இணைப்போ இருந்தால் இது தேவைப்படாது. அதற்குச் செலவு செய்ய வேண்டியவர் லாரி உரிமையாளர். அபராதச் சீட்டு மட்டும் டிரைவர் கைக்கு வருகிறது.

ஹாங்காங் இதைக் கொஞ்சம் யோசித்திருக்கிறது. கடும் வெப்ப எச்சரிக்கை உள்ள நாளில் விலக்கு, டாக்ஸி நிறுத்தத்தில் முதல் ஐந்து வண்டிகளுக்கு விலக்கு. நல்ல மனதுதான். ஆனால் வெப்பம் அதிகமான நாளில் அந்தப் புகையைச் சுவாசிப்பவர்களுக்கு விலக்கு ஏது?

எனக்கு வேண்டியது இதுதான். போக்குவரத்தில் நிற்பது தவிர, வண்டியை நிறுத்தினால் இன்ஜினை அணை, நிமிடக் கணக்கு வேண்டாம். ஆம்புலன்ஸ், குளிர்பதன வண்டி, இன்ஜினால் இயங்கும் கருவி உள்ள வண்டி ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு. ஆளில்லாமல் ஓடும் வண்டிக்குக் கடுமையான அபராதம், அது இறங்கிப் போனவருக்கே. டிரைவர் இருக்கையில் இருக்கும்போது ஓடும் வணிக வண்டிக்கும் சம்பள டிரைவர் ஓட்டும் காருக்கும் நோட்டீஸ் நேராக உரிமையாளருக்கு, டிரைவர் சம்பளத்தில் பிடித்தால் அது தனிக் குற்றம். புதிய அலுவலகமோ மருத்துவமனையோ திருமண மண்டபமோ கட்ட அனுமதி கேட்பவரிடம், எத்தனை கார் நிற்கும் என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். அந்த டிரைவர்கள் உட்கார நிழலும் மின்விசிறியும் கழிப்பறையும் உள்ள ஓர் அறை வரைபடத்தில் இருக்கிறதா என்று கேட்கட்டும், இல்லையென்றால் அனுமதியை நிறுத்தி வைக்கட்டும்.