அந்தப் பனிப்பாறைப் படத்தை இனி எனக்கு அனுப்பாதீங்க

மறுபடியும் வந்துவிட்டது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா ஒருவர், "பிள்ளைகள் ஜாக்கிரதை" என்று வரிசையாகக் கும்பிடு போட்டு அனுப்பியிருக்கிறார். இணையத்தை ஒரு பனிப்பாறையாக வரைந்து, கண்ணில் படாத 'டீப் வெப்', 'டார்க் வெப்'தான் பெரும்பகுதி என்று பயமுறுத்தும் படம் அது. தண்ணீருக்கு மேலே தெரியும் நுனியில் கூகல், யூடியூப், முகநூல்: 4 விழுக்காடு. கீழே போகப் போக நீலம் கறுத்துக்கொண்டே போகிறது: 96 விழுக்காடு. அடிமட்டத்தில் 'மரியானாஸ் வெப்'. குவாண்டம் கணினி இருந்தால்தான் அங்கே நுழைய முடியுமாம். வேற்றுக்கிரகவாசிகள் பற்றிய கோப்பு முதல் அட்லாண்டிஸ் வரைபடம் வரை எல்லாம் அங்கேதான் பத்திரமாக இருக்கிறதாம்.

நான் சிங்கப்பூரில் ஜூரோங் பக்கம் ஒரு டேட்டா சென்டரில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவன். அதனால் இந்தப் படம் எந்தக் குழுவில் வந்தாலும் கேள்வி என்னிடம் வந்து நிற்கும். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த மாமா ஒருவர் முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்டார்: "டேய், உங்க இடத்துல டார்க் வெப் சர்வர் எந்த மாடியில இருக்கு?" எந்த மாடியிலும் இல்லை மாமா. காது அடைக்கிற மின்விசிறிச் சத்தமும், முன்னால் நின்றால் குளிரும், பின்னால் நின்றால் அனலும்தான் இருக்கின்றன. இந்தச் சின்னத் தீவில் 70-க்கும் மேற்பட்ட டேட்டா சென்டர்கள் இருக்கின்றன. 2020-ல் நாட்டின் மின்சாரத்தில் சுமார் 7 விழுக்காட்டை அவையே குடித்தன. ஒரே பதிவாக எழுதிவைக்கிறேன், இனிமேல் கேட்பவர்களுக்கு லிங்க் அனுப்பிவிடலாம்.

முதலில் அந்த எண். 2001-ல் மைக்கேல் பெர்க்மன் என்பவர் ஓர் அறிக்கை வெளியிட்டார். தேடுபொறிக்குச் சிக்காத 'டீப் வெப்', சாதாரண இணையத்தைப்போல 400 முதல் 550 மடங்கு பெரியது என்றார். அவருடைய நிறுவனமே அந்த மாதிரித் தரவைத் தோண்டி எடுக்கும் மென்பொருளை விற்றுவந்தது என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். சரி, அவ்வளவு பெரிய இருட்டில் என்னதான் இருந்தது? அவர் பட்டியலின் உச்சியில் இருந்தவை அமெரிக்கத் தேசியப் பருவநிலைத் தரவு மையமும் நாசாவின் புவி கண்காணிப்புத் தரவும். மழை எவ்வளவு பெய்தது, வெயில் எவ்வளவு அடித்தது என்ற கணக்கு! முகநூலும் யூடியூபும் பிறக்காத காலத்துக் கணக்கு அது. போகட்டும், 400 மடங்கு என்றால் 99 விழுக்காட்டுக்கும் மேலே வரவேண்டும். 96 எங்கிருந்து வந்தது என்பது படம் வரைந்தவருக்கே வெளிச்சம்.

டீப் வெப் என்பது பூட்டிய கதவு, அவ்வளவுதான். உங்கள் மத்திய சேமநிதிக் (மசே நிதி) கணக்கு அங்கே இருக்கிறது. அரசாங்கச் சேவைகளுக்கான சிங்பாஸில் நுழைந்த பிறகு தெரிவதெல்லாம் அங்கே. வங்கிக் கணக்கு, மின்னஞ்சல், பெரியப்பா அந்தப் படத்தை அனுப்பிய அதே வாட்ஸ்அப் குழுகூட அங்கேதான். தேசிய நூலக வாரியம் மின்னாக்கம் செய்துவைத்திருக்கும் பழைய நாளிதழ்களில் சில பக்கங்களை நூலகக் கணினியில் உட்கார்ந்தால்தான் திறக்க முடியும். அதுவும் 'மறைந்த இணையம்'தான். அதற்குள் இறங்கப் போகிறவர்கள் மறக்காமல் ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு போங்கள், ஏர்கான் ரொம்பக் குளிர்.

டார்க் வெப் வேறு சங்கதி. யார், எங்கிருந்து வருகிறார் என்பதை மறைக்கும் டோர் போன்ற தனி மென்பொருள் இருந்தால்தான் அங்குள்ள தளங்கள் திறக்கும். டோரின் வேர் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. 1990-களின் நடுவில் பால் சைவர்சன், மைக்கேல் ரீட், டேவிட் கோல்ட்ஷ்லாக் என்ற மூவர் அங்கே போட்ட அடித்தளம் அது. இதைச் சொன்னதும் சதிக்கோட்பாட்டு அண்ணன்கள் துள்ளிக் குதிப்பார்கள்: "பாத்தியா, அமெரிக்காக்காரன் வெச்ச பொறி!" கொஞ்சம் நில்லுங்கள் அண்ணே. கடற்படை மட்டும் ஒரு கருவியைப் பயன்படுத்தினால், அதைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் கடற்படைக்காரர் என்று எதிரிக்குத் தெரிந்துவிடும். ஒளிந்துகொள்ளக் கூட்டம் வேண்டும். அதனால்தான் அதை ஊருக்கே திறந்துவிட்டார்கள். 2002-ல் டோர் ஓடத் தொடங்கியது. அமெரிக்க அரசுப் பணம் அதற்குப் போவது ரகசியமே இல்லை, அவர்களே கணக்கு வெளியிடுகிறார்கள். நிரலையும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். அமெரிக்க உளவுத் துறையில் ஒப்பந்த ஊழியராக இருந்த ஸ்னோடன் 2013-ல் வெளிக்கொண்டுவந்த ஆவணங்களில், டோர் பயன்படுத்தும் எல்லாரையும் எல்லா நேரமும் கண்டுபிடிக்க நம்மால் ஒருபோதும் முடியாது என்று என்எஸ்ஏ என்ற அமெரிக்க உளவு அமைப்பே அலுத்துக்கொண்டிருக்கிறது. தான் வைத்த பொறியைப் பற்றி யாராவது அப்படி அலுத்துக்கொள்வார்களா?

இன்னொன்று. நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும் முகநூலுக்கே 2014 முதல் டார்க் வெப்பில் ஒரு முகவரி உண்டு. பிபிசி 2019-ல் போனது. அதே ஆண்டு சிஐஏவும் போய்க் கடை விரித்தது.

ரெட் ரூம் கதைக்கு வருவோம். பிட்காயின் என்ற இணையப் பணத்தைக் கட்டினால் யாரையோ நேரலையில் சித்திரவதை செய்வதைப் பார்க்கலாம், என்ன செய்யவேண்டும் என்று கட்டளையும் போடலாம் என்பார்கள். தமிழ் யூடியூபில் இதற்கென்றே ஒரு குரல் இருக்கிறது, பேய்க்கதைக்கும் அதே குரல். டோரில் ஒரு மறைவுத் தளத்தைத் திறந்தால் உங்கள் பக்கம் மூன்று, அவர்கள் பக்கம் மூன்று என்று உலகெங்கும் சிதறிய ஆறு கணினிகள் வழியாகச் சுற்றிச் சுற்றிப் போகும். சாதாரணப் படமே திக்கித் திணறித்தான் வரும். இதில் பலருக்கு ஒரே நேரத்தில் தெளிவான நேரலை என்றால் சிரமம். அதைவிட முக்கியம், எத்தனையோ கள்ளத் தளங்களைப் பிடித்த காவல்துறைகள் இதுவரை அப்படி ஒன்றைப் பிடித்ததாகச் செய்தி இல்லை. ரெட் ரூம் என்று சொல்லிக் காசு பிடுங்கும் பக்கங்கள் இருக்கின்றன. பணம் போகும், படம் வராது. ஏமாந்தவர் போய் யாரிடம் புகார் கொடுப்பார்?

கொடுமை அங்கே இல்லவே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். பிள்ளைகளைச் சீரழிக்கும் காணொளிகளை விற்ற ஒரு பெரிய தளத்தைத் தென்கொரியாவிலிருந்து இருபதுகளில் இருந்த ஓர் இளைஞன் நடத்தினான். 2018-ல் அது முடக்கப்பட்டது. 38 நாடுகளில் 337 பேர் கைதானதாக அடுத்த ஆண்டு அறிவித்தார்கள். அவர்களைக் காட்டிக்கொடுத்தது, யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று எல்லாரும் நம்பும் அதே பிட்காயின்தான். அதன் கணக்குப் புத்தகம் உலகத்துக்கே திறந்து கிடக்கிறது.

கூலிப்படைக் கதையும் இப்படித்தான். 'பெசா மாஃபியா' என்று ஒரு தளம். பிட்காயின் அனுப்பினால் ஆளைத் தீர்த்துவிடுவார்களாம். 2016-ல் யாரோ அதை ஊடுருவி உள்ளே இருந்ததை வெளியே கொட்டினார்கள். பார்த்தால் ஒரு கொலைகாரனும் இல்லை. காசை வாங்கிக்கொண்டு "ஆள் கிடைக்கல, இன்னும் கொஞ்சம் அனுப்புங்க" என்று இழுத்தடிக்கும் சுத்த மோசடி. அதில் பணம் கட்டியவர்களில் ஒருவன் அமெரிக்காவின் மினசோட்டாவில் இருந்த கணினித் துறை ஊழியன். குறி, அவனுடைய மனைவி. உன் உயிருக்கு யாரோ விலை பேசியிருக்கிறார்கள் என்று எஃப்பிஐ அந்தப் பெண்ணை வந்து எச்சரித்துவிட்டும் போனது. யார் என்று அப்போது தெரியவில்லை. கூலிப்படை வரவில்லை என்றதும் அதே ஆண்டு நவம்பரில் அவனே அவளைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் தற்கொலைபோல் ஜோடித்தான். 2018-ல் ஆயுள் தண்டனை. தளம் பொய், மாஃபியா பொய். அந்த வீட்டுக்குள் ஒரே கூரையின்கீழ் இருந்த ஆள் மட்டும் நிஜம். இந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து டார்க் வெப் பேய்க்கதைகளை என்னால் வேடிக்கையாகக் கேட்க முடிவதில்லை.

"அங்கே போனால் யாருக்கும் தெரியாது" என்கிற நம்பிக்கைதான் எனக்குக் கூடுதல் கவலை தருவது, ஏனென்றால் இதை நம்புகிறவர்கள் பெரியப்பாக்கள் இல்லை, பாலிடெக்னிக் பையன்கள். சில்க் ரோடு என்ற போதைச் சந்தையை 2011-ல் தொடங்கிய ராஸ் உல்பிரிக்ட் எப்படிச் சிக்கினார் தெரியுமா? அமெரிக்க வரி இலாகா அதிகாரி ஒருவர் கூகலில் தேடினார். ஆரம்ப காலத்தில் உல்பிரிக்ட் தன் பெயருள்ள ஜிமெயில் முகவரியை ஓரிடத்தில் போட்டுவைத்திருந்தது அகப்பட்டது. 2013 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பொது நூலகத்தில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். பின்னால் ஓர் ஆணும் பெண்ணும் சண்டை போடுவதுபோல் நடித்தார்கள். அவர் திரும்பிப் பார்த்த நொடியில் மடிக்கணினி மூடப்படாமலேயே எஃப்பிஐ கைக்குப் போய்விட்டது.

நமக்குப் பக்கத்திலேயே, பேங்காக்கில், 2017 ஜூலையில் இன்னொன்று. ஆல்ஃபாபே என்ற டார்க் வெப் சந்தையின் சொந்தக்காரர் அலெக்சாண்டர் காசெஸ் வீட்டு கேட்டைத் தாய்லாந்துக் காவல்துறை காரால் இடித்தது. விபத்து என்று நினைத்து அவர் வெளியே ஓடிவந்தார், உள்ளே கணினி திறந்தபடி கிடந்தது. அவரைக் காட்டிக்கொடுத்தது ஒரு பழைய ஹாட்மெயில் முகவரி. ஆல்ஃபாபே மூடியதும் வாடிக்கையாளர்கள் எல்லாரும் ஹன்சா என்ற சந்தைக்குக் குடிபெயர்ந்தார்கள். அந்தக் கடையை ஏற்கெனவே டச்சுக் காவல்துறை கைப்பற்றி, கல்லாவில் தானே உட்கார்ந்து ஒரு மாதம்போல ஓட்டிக்கொண்டிருந்தது! வந்தவர்கள் டெலிவரி முகவரியைக் காவல்துறையிடமே எழுதிக் கொடுத்தார்கள்.

சிங்கப்பூரில் டோர் மென்பொருளைக் கணினியில் வைத்திருப்பதற்காக யாரும் வந்து கதவைத் தட்டப் போவதில்லை. ஆனால் எந்த மாயமான தளத்தில் வாங்கினாலும் பொட்டலம் மாயமாக வராது. அஞ்சலில் வரவேண்டும், சோதனைச் சாவடியைத் தாண்டவேண்டும், உங்கள் புளோக்கின் லெட்டர்பாக்ஸில் விழவேண்டும். அங்கே மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு உங்களுக்காகக் காத்திருக்கலாம். இந்த நாட்டுச் சட்டம் என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை தம்பிகளா.

பெரியப்பா படம் அனுப்பிவிட்டுப் போகட்டும் என்று நான் விட்டிருப்பேன். என் கோபம், இந்தப் பயத்தை வைத்துக் காசு பார்ப்பவர்கள்மேல். 2024-ல் சிங்கப்பூரில் மோசடிகளில் பறிபோனது குறைந்தது 1.1 பில்லியன் வெள்ளி. அந்தப் பணம் வாட்ஸ்அப், டெலிகிராம், முகநூல் விளம்பரம், சாதாரணத் தொலைபேசி அழைப்பு வழியாகத்தான் பெரும்பாலும் போனது. அதே ஆண்டு நவம்பரில் அமைச்சர்கள் ஐவர் உட்பட 100-க்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களுக்கு ஆபாசமாக ஒட்டுப்போட்ட படங்களோடு மிரட்டல் வந்தது. கேட்ட தொகை 50,000 அமெரிக்க வெள்ளி, பிட்காயின் மாதிரியான கிரிப்டோவில். ஒட்டிய முகங்கள் எந்த இருட்டிலிருந்தும் எடுத்தவை இல்லை, பொதுவெளியில் எல்லாரும் பார்க்கிற படங்கள்.

போன மாதம் பக்கத்து புளோக் அக்கா ஒருவர் கோப்பிக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார். குரல் நடுங்கியது. "தம்பி, காசு கேட்டு ஒரு ஈமெயில் வந்திருக்கு. என்னோட பேரு டார்க் வெப்புல இருக்காம். என் கேமராவுல என்னைப் படம் புடிச்சிட்டானாம். பாஸ்வேர்டைச் சரியாச் சொல்றான்பா."

"அந்த பாஸ்வேர்டு இப்ப உள்ளதா, பழசாக்கா?"

"பழசு. எப்பவோ சாமான் வாங்குற ஆப்புல போட்டது."

அவ்வளவுதான் விஷயம். எங்கோ ஒரு நிறுவனத்திலிருந்து கசிந்த பட்டியல், மூட்டை மூட்டையாக விற்கப்படுகிறது. 2020-ல் இங்கே ரெட்மார்ட் என்ற இணைய மளிகைக் கடையின் 1.1 மில்லியன் கணக்குகளின் விவரம் அப்படித்தான் விற்பனைக்கு வந்தது. டார்க் வெப்பில் நம்மைப் பற்றி நிஜமாகக் கிடைக்கும் சரக்கு பெரும்பாலும் இப்படிச் சப்பென்றுதான் இருக்கும்: செத்துப்போன பாஸ்வேர்டுகள், காலாவதியான கார்டு எண்கள். பட்டியலை வாங்கியவன் ஒரே கடிதத்தை ஆயிரக்கணக்கானோருக்குத் தட்டிவிடுகிறான். அக்காவின் கணினியில் கேமராவே கிடையாது. ஆனால் இத்தனை வருடமாக யூடியூபில் கேட்ட கதைகள் அவர் மனத்துக்குள் ஒரு கேமராவைப் பொருத்திவைத்திருந்தன.

அதே மேசையில் உட்கார்ந்து, அந்தப் பாஸ்வேர்டை இன்னும் எங்கெல்லாம் வைத்திருக்கிறார் என்று பார்த்து எல்லாவற்றையும் மாற்றினோம். மோசடி பற்றிக் கேட்பதற்கான உதவி எண் 1799-க்கு அழைத்துக் கேட்கச் சொன்னேன், கேட்டார், பணம் கட்ட வேண்டாம் என்று அவர்களும் சொன்னார்கள். கோப்பி ஆறிப்போயிருந்தது. போகும்போது அக்கா கேட்டார்: "அப்ப அவனை யாரு புடிப்பா?"

வெளிநாட்டிலிருந்து அனுப்பியிருப்பான், பிடிப்பது கஷ்டம்தான் என்றேன். அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. எனக்கும்தான். மறுநாள் அந்த மின்னஞ்சலை அவருடைய தமிழ் முதியோர் குழுவில் போட்டு, "இது பொய், யாரும் காசு கட்டாதீங்க" என்று குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். நாலு பேர் தங்களுக்கும் அதே கடிதம் வந்ததாகச் சொன்னார்களாம். அதில் ஒருவர் ஏற்கெனவே கட்டிவிட்டார், வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.