போனா, சீனியா, நித்திரையா?

கலியாணம் கட்டி மூன்று மாதமாகியும் படுக்கையில் விறைப்பு சரிவரவில்லை என்றால், வன்னிப் பெடியள் இப்போது முதலில் பழி போடுவது போனில் பார்க்கிற ஆபாசப் படத்தில்தான். "படம் பார்த்துப் பார்த்து நரம்பு செத்துப்போச்சு" என்கிறார்கள். லேகியம் விற்கிற வீடியோக்களும் அதையே சொல்லிப் பயத்தைக் கூட்டுகின்றன. அந்தப் பயத்தில் உண்மையான வருத்தம் பிடிபடாமல் போய்விடுகிறது. என் கவலை அதுதான்.

படம் பார்ப்பதால் நரம்பு சாகாது. 2015 இல் குரோசியா, நோர்வே, போர்த்துக்கல் நாட்டு ஆண்களிடம் எடுத்த ஆய்வில், எவ்வளவு பார்க்கிறார்கள் என்பதற்கும் விறைப்புக் குறைவுக்கும் உறுதியான தொடர்பு தெரியவில்லை. 2019 இல் வந்த இன்னொரு ஆய்விலும் பார்க்கிற அளவு பெரிதாகத் தெரியவில்லை. "என்னால் நிறுத்த முடியவில்லை" என்று தவிக்கிறவர்களிடம்தான் குறை கூடுதலாக இருந்தது. எது முந்தி வந்தது என்று அதிலும் பிடிபடவில்லை.

ஆனால் பார்க்கிற விதம் கெடுக்கும், அதை மறைக்கக் கூடாது. ஒரு கையில் போன், மறு கையில் இறுக்கிய பிடி. அல்லது குப்புறக் கிடந்து மெத்தையில் தேய்ப்பது. முடித்துவிடாமல் அடக்கி அடக்கி நாற்பது நிமிடம் ஒரு வீடியோவில் இருந்து இன்னொன்றுக்குத் தாவுவது. உடம்பு அந்த அழுத்தத்துக்கும் வேகத்துக்கும் பழகிவிடும். மனைவியோடு இருக்கும்போது அந்த அழுத்தம் கிடைக்காது. விறைப்பு தளரும், அல்லது விந்து வரவே வராது.

பழகியதை மாற்றிப் பழக்கலாம். ஆறு வாரம் போன் இல்லாமல், தளர்ந்த கையால், எண்ணெய் பூசி, அவசரப்படாமல். (தேங்காய் எண்ணெயோடு ஆணுறை போடாதீர்கள், ரப்பர் நைந்து கிழியும்.) மனைவியோடு என்றால், அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸ், ஜோன்சன் இருவரும் 1970 இல் எழுதிய முறை இன்றைக்கும் கைகொடுக்கும். முதல் இரண்டு வாரம் உறவு வேண்டாம் என்று இருவரும் பேசி முடிவெடுங்கள். இருபது நிமிடம் முதுகு, கை, கால் என்று தொடுவது மட்டும். பிறகுதான் மற்ற இடம். "இப்ப நிக்குமோ" என்று மனம் காவல் நிற்கிற நேரம் அட்ரினலின் கூடும், இரத்தக்குழாய் சுருங்கும், எழும்பினதும் விழும். உறவு இல்லை என்று முதலே தெரிந்தால் அந்தக் காவல் தளரும்.

படத்தில் காட்டுகிற நேரத்தையும் நம்பாதீர்கள், அது வெட்டி ஒட்டினது. 2005 இல் ஐந்து நாடுகளில் 500 சோடிகள் உறவு தொடங்கி விந்து வரும்வரை கடிகாரம் வைத்து அளந்தபோது நடுமதிப்பு 5.4 நிமிடம்தான் வந்தது.

இனி முக்கியமான சோதனை. விடியக் கண் முழிக்கும்போது விறைப்பு இருக்கிறதா? தனியே இருக்கும்போது சரியாக வந்து மனைவியோடு மட்டும் தவறினால் குழாயும் நரம்பும் பெரும்பாலும் நல்லாயிருக்கின்றன. விடியப்புற எழுச்சியும் மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்து போனால் போனை விட்டுவிட்டு இரத்தத்தைச் சோதியுங்கள். ஆணுறுப்பு நாடியின் அகலம் 1 முதல் 2 மில்லிமீற்றர், இதய நாடியினது 3 முதல் 4. அடைப்பு சின்னனில்தான் முதலில் தெரியும். சில வருடம் கழித்து வரப்போகிற மாரடைப்புக்கு இது முன்னறிவிப்பாக இருக்கலாம். வெறுவயிற்றுச் சீனி இரண்டு முறை பார்த்தும் 126 (mg/dL) அல்லது அதற்கு மேல் என்றால் அது சீனி வருத்தம். பிரஷர், கொழுப்பு, புகை, கசிப்பு எல்லாம் இதே குழாயைத்தான் கெடுக்கின்றன.

எங்கள் இடத்துக்கென்று இன்னொன்றும் இருக்கிறது. இப்போது கலியாணம் கட்டுகிற வயதில் இருக்கிற பெடியள் பலர் 2009 இல் முள்ளிவாய்க்கால் பதுங்குகுழிக்குள் இருந்த பிள்ளைகள். முள்ளந்தண்டிலோ இடுப்பிலோ செல் துண்டு பட்டவர்களுக்கு நரம்பே சேதமாகியிருக்கலாம். உடம்பில் காயம் இல்லாதவர்கள் சிலருக்கு நித்திரை இல்லை. இரவு இரண்டு மணிக்குத் திடுக்கிட்டு எழும்பி, திரும்பப் படுக்க முடியாமல் போனை எடுத்துப் படம் பார்க்கிறவனிடம் "படத்தால்தான் கெட்டாய்" என்பது அநியாயம். அவன் மனவடுவுக்குத் தானே போட்டுக்கொண்ட மருந்து அது. அதற்கு மாவட்ட ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போகலாம், தேசிய மனநல உதவி இலக்கமான 1926 க்கு எடுத்தும் கதைக்கலாம். மனவழுத்தக் குளிசைகள் சிலவும் விறைப்பைக் குறைக்கும், விந்தைப் பிந்தப்பண்ணும். நீங்களாக நிறுத்தாமல் டொக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார்.

விறைப்புக்குப் போடுகிற சில்டெனாபில் (வயாகரா) குளிசையைக் கேட்டுக் கேள்வியில்லாமல் வாங்கிப் போடுகிற பழக்கம் எனக்குப் பயமாக இருக்கிறது. நெஞ்சு நோவுக்கு நாக்கின் கீழ் வைக்கிற குளிசை பாவிக்கிறவர் அதைப் போட்டால் பிரஷர் விழுந்து சாகலாம். மற்றவர்களுக்கும் 24 மணித்தியாலத்துக்கு ஒன்றுதான், உறவுக்கு ஒரு மணித்தியாலம் முந்தி, கொழுப்புச் சாப்பாட்டுக்குப் பிறகு அல்ல. ஆசை இல்லாத இடத்தில் அது வேலை செய்யாது.

கிளினிக்கில் பக்கத்துக் கதிரையில் ஊர்க்காரர் இருப்பார், வாய்விட்டுச் சொல்லக் கூச்சம்தான். ஒரு துண்டில் "விடியப்புறம் எழுச்சி வருவதில்லை, ஆறு மாதம்" என்று எழுதிக் கிளினிக் கொப்பிக்குள் வைத்து நீட்டுங்கள். டொக்டருக்கு அவ்வளவும் போதும்.