மாடியிலிருந்து எடுத்துப் போனது குப்பை இல்லை

ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில் நான் பழைய வாளிகளில் வளர்த்த செடிகளை அசோசியேஷன்காரர்கள் குப்பை என்று எடுத்துப் போனது உங்களில் பலருக்குத் தெரியும். ஆறுதல் சொன்ன எல்லோருக்கும் நன்றி. 'விடுங்க மேடம், பழைய வாளிதானே' என்று எழுதியவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

வாளிதான். 20 லிட்டர் பெயின்ட் வாளி. அதில் கத்தரி பிஞ்சு விட்டிருந்தது, புடலை பந்தல் ஏறியிருந்தது. உடைந்த வாஷ் பேசினில் வல்லாரை வழிந்து கிடந்தது. எல்லாவற்றையும் 'மாடி சுத்தம்' என்ற பெயரில் லோடு ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதே மாடியில் பத்தடி தள்ளி இருக்கும் பீங்கான் தொட்டிகளை யாரும் தொடவில்லை. அதிலும் மண்தான், செடிதான். காசு கொடுத்து வாங்கினால் தோட்டம், இருப்பதை வைத்துச் செய்தால் குப்பையா?

பயன்பாட்டில் இருக்கும் பொருள் குப்பை இல்லை. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

நான் கண்டதையும் பொறுக்கி வந்து அடுக்குகிறவள் இல்லை. வாளியைத் திருப்பி, அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருக்கிறதா பார்த்துத்தான் எடுப்பேன். அது பாலிபுரோப்பிலீன், சாப்பாட்டு டப்பா செய்கிற அதே வகை. தண்ணீர் கலந்து சுவர் பூசும் எமல்ஷன் பெயின்ட் இருந்த வாளி மட்டும்தான்; எனாமல், தின்னர் டப்பாவைத் தொடவே மாட்டேன். ஓட்டையை நேர் அடியில் போட்டால் தளத்தோடு ஒட்டி அடைத்துக்கொள்ளும். அதனால் அடியிலிருந்து ஓரங்குலம் மேலே, பக்கவாட்டில், பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுற்றிலும் போடுவேன். உள்ளே முதலில் தேங்காய் மட்டை, அதற்கு மேல் நார்க்கழிவும் மண்ணும் மண்புழு உரமும். வாஷ் பேசினுக்கு இந்த வேலைகூட இல்லை. தண்ணீர் போகிற துளை ஏற்கனவே இருக்கிறது, ஓர் ஓட்டாஞ்சில்லை வைத்து மூடினால் போதும். கடையில் வாங்கிய க்ரோ பேக், அதாவது செடி வளர்க்கும் பிளாஸ்டிக் பை, நம் ஊர் வெயிலில் இரண்டு மூன்று வருடத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். என் வாளிகள் அதைவிட அதிகம் உழைத்தவை.

'கொசு வருதே, டெங்கு வருதே' என்கிறார்கள். சரி, பேசுவோம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது தேங்கி நிற்கும் நல்ல தண்ணீரில். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். ஓட்டை போட்டு மண் நிரப்பிய வாளியில் தண்ணீர் எங்கே நிற்கிறது? அடியில் இருக்கும் ஓரங்குல ஈரமும் மட்டைக்குள், மண்ணுக்குக் கீழே இருக்கிறது. கொசு அங்கே போக முடியாது. தண்ணீர் நிற்பது அந்த பீங்கான் தொட்டிகளுக்கு அடியில் அழகுக்கு வைத்திருக்கும் தட்டுகளில். மழை விட்டு நாலைந்து நாள் கழித்துப் போய்க் குனிந்து பாருங்கள், புழு நெளியும்.

பாரம் தாங்குமா என்று கேட்டவர்கள் நியாயமாகத்தான் கேட்டார்கள். சுவரோரமாக, பீம் ஓடும் இடத்தில்தான் வைத்திருந்தேன். ஆனால் பாரம் என்றால் பீங்கானுக்கும் பாரம் உண்டே!

'பார்க்க நல்லா இல்ல, யாராவது வந்தா என்ன நினைப்பாங்க' என்றாரே ஒரு அம்மா, அதுதான் உண்மையான காரணம். அதுதான் எனக்கு வலித்தது. எங்கள் ஊர்ப் பக்கம் டால்டா டின்னில் செடி வைக்காத வீடு உண்டா? லாரி ட்யூபில் செய்த வாளியில்தான் கிணற்றுத் தண்ணீர் இறைத்தோம். விரிசல் விட்ட ஆட்டுக்கல்லை எங்கள் ஆச்சி கோழிக்குத் தண்ணித் தொட்டியாக்கி வைத்திருந்தாள். வந்தவர்கள் 'கருத்தான பொம்பள' என்றுதான் சொல்லிப் போனார்கள். இன்றைக்கு அதே குணத்துக்கு நான் ஏன் கூனிக் குறுக வேண்டும்?

சண்டிகரில் நேக் சந்த் என்று ஒருவர் இருந்தார், சாலை ஆய்வாளர். புது நகரம் கட்ட இடித்த கிராமங்களின் இடிபாடு, உடைந்த வளையல், பீங்கான் ஓடு எல்லாவற்றையும் சேர்த்து, காட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் பல வருடம் சிலைகள் செய்தார். அரசு நிலம், இடிக்க வேண்டும் என்றுதான் முதலில் பேச்சு. ஊர் மக்கள் துணை நின்றதால் தப்பியது. 1976-இல் ராக் கார்டன் என்று திறந்தார்கள், 1984-இல் அவருக்கு பத்மஸ்ரீ கொடுத்தார்கள். டூர் போய் அங்கே நின்று போட்டோ எடுத்தவர்கள் எங்கள் அசோசியேஷனிலேயே இருக்கிறார்கள்.

லோடு ஆட்டோ எங்கே போனது என்று கேட்டேன், பதில் இல்லை. இந்தச் சென்னையில் குப்பை எங்கே போகும் என்று தெரியாதா? பெருங்குடி குப்பைக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை எவ்வளவு தின்றிருக்கிறது என்று ரேடியல் சாலையில் போகிற எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்ததுதான். அந்தக் குப்பை மலையைத் தோண்டிப் பிரிக்கக் கோடி கோடியாகச் செலவாகியிருக்கிறது. காய்த்துக்கொண்டிருந்த செடியை வேரோடு பிடுங்கி அதே வழிக்கு அனுப்பிவிட்டு, 'தூய்மை' என்று வாட்ஸப் குழுவில் கைதட்டல் படம் போடுகிறார்கள்.

'புது தொட்டி நாங்களே வாங்கித் தர்றோம்' என்று செயலாளர் நேற்று ஃபோன் செய்தார். வேண்டாம் சார். எனக்குத் தொட்டி வேண்டாம். வருகிற கூட்டத்தில் இரண்டு விஷயம் கேட்பேன்: யாரைக் கேட்டு எடுத்தீர்கள்? மாடியில் தண்ணீர் தேங்கக்கூடாது என்றால் அந்தத் தட்டுகளை எப்போது எடுக்கப் போகிறீர்கள்? மூன்றாவது மாடியில் பெயின்ட் வேலை நடக்கிறது. காலி வாளிகளை எனக்கு எடுத்துவைக்கச் சொல்லி பெயின்டர் அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.