அந்த ஒத்தப் புள்ளி

இன்னிக்குக் காலைல என் வெப்சைட்டைத் திறந்தா மறுபடியும் 502, பின்னாடி ஓடுற ஆப்போட சர்வரால பேச முடியலைங்கிற எரர். ராத்திரி ஒரு மணி வரைக்கும் உட்கார்ந்து எல்லாத்தையும் சரி பண்ணி, நாலு தடவை ரீஃப்ரெஷ் பண்ணிப் பார்த்துட்டுத்தான் படுத்தேன். காலைல அப்டேட் போட்டு விஎம்-ஐ, அதாவது கிளவுட்ல இருக்கிற என் மெஷினை, ஒரு தடவை ரீபூட் பண்ணினேன். அவ்வளவுதான். எரர் லாக்ல அதே வரி: 13, பெர்மிஷன் டினைட்.

இந்தப் 13ஐப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. மறுத்தது யாரு? எந்த விதிப்படி? எதை மாத்தினா விடுவ? ஒரு வார்த்தை கிடையாது. ஃபைல் பெர்மிஷன் தப்பா இருந்தாலும் 13. எஸ்இலினக்ஸ் (ஃபைல் பெர்மிஷனுக்கு மேல லினக்ஸ்ல இருக்கிற இன்னொரு பாதுகாப்பு அடுக்கு) தடுத்தாலும் 13. நடுவுல ஒரு ஃபோல்டருக்கு எக்ஸ், அதாவது உள்ள நுழையற அனுமதி, இல்லேன்னாலும் 13. வாசல்ல மூணு காவலாளி நிக்கிறான், மூணு பேரும் ஒரே குரல்ல "முடியாது"ங்கிறான். எவன் சொன்னான்னு கண்டுபிடிக்கிறதுக்குள்ள பொழுது விடிஞ்சிடுது.

நேத்து நடந்தது இது. புது விஎம், ரெட்ஹேட் வகையறா லினக்ஸ். என்ஜின்எக்ஸ்ங்கிற வெப் சர்வரைப் போட்டாச்சு. பக்கமே வரலை. கிளவுட் பக்கம் 80, 443 ரெண்டு போர்ட்டையும் திறந்தது போதாதாம், விஎம்முக்கு உள்ள ஃபயர்வால்டின்னு இன்னொரு ஃபயர்வால் தனியா உட்கார்ந்திருக்கு. சரி, அதையும் திறந்தேன். அது போகட்டும்.

அடுத்து என்னோட ஃபைல்களை ஹோம் ஃபோல்டர்ல அவிழ்த்து, எம்வி போட்டு என்ஜின்எக்ஸோட ஃபோல்டருக்கு நகர்த்தினேன். பக்கத்தைத் திறந்தா, அனுமதி இல்லைங்கிற 403.

ஃபைல்களைப் பட்டியல் போடுற எல்எஸ் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். ஃபைல் எல்லாம் 644, ஃபோல்டர் எல்லாம் 755, எல்லாரும் படிக்கலாம்னுதான் பெர்மிஷன் இருக்கு. ஓனரை மாத்தினேன். 403. ரூட்ல இருந்து கடைசி ஃபோல்டர் வரைக்கும் ஒவ்வொண்ணுக்கும் எக்ஸ் இருக்கான்னு நேம்ஐ வச்சுப் பார்த்தேன். எல்லாத்துக்கும் இருக்கு. 403. சுடோ வச்சு என்ஜின்எக்ஸ் யூசராவே மாறி, அந்த இண்டெக்ஸ் ஃபைலை, ஃபைலைப் படிச்சுக் காட்டுற கேட் கட்டளையில போட்டேன். பளிச்னு மொத்த ஃபைலும் திரையில கொட்டுது! அதே யூசர், அதே ஃபைல், அதே மெஷின். நான் கேட்டா கொடுக்குது, சர்வர் கேட்டா 13. திரும்பத் திரும்பப் போட்டேன். கேட், வருது. பிரவுசர், 403. கேட், வருது. பிரவுசர், 403. என் கண்ணையே நம்ப முடியலை.

தெரிஞ்ச ஒருத்தருக்கு போன் போட்டேன். எடுத்த எடுப்புல, யார் வேணும்னாலும் படிக்க, எழுத, ஓட்ட விடுற பெர்மிஷனைச் சொன்னார்: "777 போட்டுடுங்க சார், ஓடிடும்." அந்த அசதியில போட்டும் பார்த்தேன். 403! எஸ்இலினக்ஸ் தடுக்கும்போது ஆயிரம் 777 போட்டாலும் அது அசையாதுங்கிறது அப்புறம்தான் புரிஞ்சது. ஆனா மெஷின்ல இருக்கிற எந்த புராசஸ் வேணும்னாலும் என் ஃபைலைத் திருத்தலாம்னு கதவை மட்டும் திறந்து வச்சாச்சு. ஆப்ல ஒரே ஒரு ஓட்டை இருந்தாப் போதும், உள்ள வர்றவன் எதை வேணும்னாலும் எழுதி வச்சுட்டுப் போவான். எத்தனை சர்வர்ல இந்த 777 யாரும் திருப்பி எடுக்காம அப்படியே கிடக்குதோ! பயமா இருக்கு, நிஜமாவே.

அடுத்து, எஸ்இலினக்ஸ் தடுக்கிறதை நிறுத்தி வைக்க அவர் சொன்னது, "அப்போ செட்என்ஃபோர்ஸ் 0." போட்டேன். பக்கம் திறந்துடுச்சு. "பாத்தீங்களா சார், அதை நிரந்தரமா அணைச்சிடுங்க, எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க." எல்லாரும் பண்ணினா சரியாயிடுமா? பூட்டு இறுகிப் போச்சுன்னு கதவையே கழட்டி வைப்பாங்களா? உடனே திரும்ப 1 போட்டேன். 777ஐயும் எடுத்தேன்.

காரணம் என்ன தெரியுமா? எல்எஸ் காட்டுற அந்தப் பத்து பெர்மிஷன் எழுத்துக்குப் பின்னாடி ஒரு புள்ளி. ஒத்தப் புள்ளி. இந்த ஃபைலுக்கு எஸ்இலினக்ஸ் லேபிளும் (யார் தொடலாம்னு முடிவு பண்ற சீட்டு) உண்டுன்னு அதுக்கு அர்த்தம். தூசு மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கு, மூணு மணி நேரம் அதை நூறு தடவை பார்த்திருப்பேன். கேபிடல் இசட் சேர்த்து எல்எஸ் போட்டாத்தான் லேபிள் தெரியும். நகர்த்தாம சிபி போட்டுக் காப்பி எடுத்திருந்தா புது இடத்தோட லேபிள் கிடைச்சிருக்கும். எம்வி போட்டதால ஹோம் ஃபோல்டரோட லேபிளைத் தூக்கிக்கிட்டே வந்துடுச்சு. வெப் சர்வர் அந்த லேபிளைத் தொடக் கூடாதுங்கிறது விதி. நான் கட்டளை அடிக்கிற ஷெல்லுக்கு அந்தத் தடை இல்லை, அதான் கேட் வேலை செஞ்சது.

விதி நல்ல விதிதான், அதைக் குறை சொல்லலை. ஆனா அதை எங்க சொல்றான்? ஆடிட் லாக்ல. அங்க நேரத்தை 1970 ஜனவரி 1ல இருந்து எத்தனை செகண்ட்னு எழுதி வச்சிருக்கான்! மனுஷன் படிக்கிறதுக்கா இது? எஸ்இலினக்ஸ் வெளியானது 2000ல. லினக்ஸ் 2.6 கர்னலோட உள்ள வந்தது 2003ல. இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. "லேபிள் பொருந்தலை, ரீஸ்டோர்கான் போட்டுப் பாரு"ன்னு என்ஜின்எக்ஸ் லாக் பக்கத்துல ஒரு வரி வர வழி பண்ண இவ்வளவு காலம் போதாதா? லேபிளைத் திருப்பிச் சரி பண்ற அந்த ஒரே கட்டளையிலதான் எல்லாம் சரியாச்சு.

அப்புறம் 3000ங்கிற போர்ட்ல ஓடுற ஆப்புக்கு என்ஜின்எக்ஸ் வழியா இணைப்புக் கொடுத்தேன். 502. திரும்ப 13. வெப் சர்வர் நெட்வொர்க்ல இன்னொண்ணோட பேசறதுக்குத் தனியா ஒரு சுவிட்ச், அது முன்கூட்டியே அணைச்சு இருக்கும். செட்எஸ்இபூல் வச்சு ஆன் பண்ணினேன். ஓடுச்சு. படுத்தேன். மைனஸ் கேபிடல் பி (-P) சேர்த்துப் போடலேன்னா ரீபூட்ல போயிடும்னு நான் படிச்ச பக்கத்துல எழுதலை. அதான் இன்னிக்குக் காலைல நடந்தது.

சரின்னு மைனஸ் பி உள்ள கட்டளையை வேற ஒரு பக்கத்துல தேடிப் பிடிச்சு, காப்பி பண்ணி ஒட்டினா, அதுவும் எரர். அஞ்சு நிமிஷம் எழுத்து எழுத்தாப் பார்த்தேன். அந்தப் பக்கத்துல மைனஸை அழகா இருக்கணும்னு நீளக் கோடா மாத்தி வச்சிருக்கான். சிரிப்பு வந்துடுச்சு எனக்கு, கோவப்படக்கூடத் தெம்பு இல்லை. கட்டளை எழுதிப் போடுறவங்களே, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன். நேர் மேற்கோள் குறியை வளைக்காதீங்க. மைனஸை மைனஸாவே விட்டு வைங்க.